டாக்டர் நண்பன் வேண்டாம்

எங்கள் நாவல்களில் ஹீரோவுக்கு ஒரு டாக்டர் நண்பன் கட்டாயம் இருப்பான். கூடப் படித்தவன், மனநல மருத்துவன். ஹீரோயின் நடு ராத்திரியில் அலறி எழுவாள், அல்லது கூட்டத்தைக் கண்டால் மூச்சுத் திணறுவாள். ஹீரோ அவளை நண்பனிடம் அழைத்துப் போவான். நண்பன் அவளிடம் பத்து நிமிடம் பேசிவிட்டு வெளியே உட்காரச் சொல்வான். பிறகு, ஒன்பது வயதில் அவளுக்கு நடந்ததிலிருந்து நேற்று ராத்திரி கண்ட கனவு வரை ஒன்று விடாமல் ஹீரோவிடம் ஒப்பிப்பான். முடிக்கும்போது ஒரு வசனம்: “அவளுக்கு மருந்து நான் இல்லடா, நீதான்.”

இந்த நண்பனை எத்தனை பிரதிகளில் வேலையை விட்டு நீக்கியிருப்பேன் என்று கணக்கில்லை.

குடும்ப நாவல்களைத் திருத்திக் கொடுப்பது என் பிழைப்பு. மெய்ப்புப் பார்க்க வந்தவள், ஒற்றுப்பிழை திருத்தியபடியே மெல்லக் கதைக்குள்ளும் கை வைக்க ஆரம்பித்தேன். இந்த வகை நாவல்களை மட்டுமே நம்பி நடக்கும் பதிப்பகங்கள் சென்னையில் உண்டு. இலக்கியப் பத்திரிகைகள் இவற்றை மதிப்புரைக்கு எடுப்பதில்லை. ஆனால் புத்தகக் காட்சியில் இந்த ஸ்டால்களின் முன்னால் கைக்குழந்தையோடு நிற்கும் பெண்களைப் பார்த்தால், யார் யாரை மதிக்க வேண்டும் என்று தோன்றும். எழுதுகிறவர்களும் பெரும்பாலும் அதே பெண்கள்தான். வீடு தூங்கிய பிறகு செல்போனில் அத்தியாயம் அத்தியாயமாகத் தட்டி, தொடராக வெளியிட்டு, பிறகு புத்தகமாக்க அனுப்புவார்கள். அப்போதுதான் பிரதி என்னிடம் வரும்.

டாக்டர் நண்பனை நீக்கச் சொன்னால் முதலில் சண்டைக்கு வருவார்கள். 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பாதுகாப்புச் சட்டம், 2017, நோயாளியின் ரகசியத்தைக் காக்க வேண்டிய கடமையை மருத்துவர்மேல் வைக்கிறது என்று சொல்வேன். அவள் தன் சார்பாளராக ஹீரோவைத் தானே நியமித்திருந்தால் பேச்சு வேறு. காலேஜில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தது சார்பாளர் பதவி ஆகாது. சட்டம் பேசினால் மசியாதவர்கள் இன்னொன்றுக்கு மசிவார்கள். அவள் வாயால் அவள் கதையைச் சொல்லும் காட்சிதான் நாவலிலேயே பெரிய காட்சி. அதைத் தூக்கி, இரண்டு அத்தியாயம் வந்து போகிற துணைப் பாத்திரத்திடம் கொடுப்பார்களா? இதைக் கேட்டால் எதிர்முனையில் கொஞ்ச நேரம் சத்தமே வராது. பிறகு, “சரிக்கா, மாத்தி எழுதறேன்.”

நான் வந்த புதிதில் பிரதிகளில் மனநோய் இல்லை, பைத்தியம் இருந்தது. மாடி அறையில் பூட்டிவைத்த முதல் மனைவி, வாரிசுக்கு வந்த திடீர்க் கிறுக்கு, தலையில் அடிபட்டு மறந்த நினைவு. மாடி அறைப் பெண்ணின் பூர்வீகம் 1847இல் வந்த ‘ஜேன் அயர்’ என்பது எழுதிய பலருக்குத் தெரியாது. நாலு கை மாறி வந்த சொத்து. 1794இல் தொடங்கிய கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையின் பெயர் நகைச்சுவைக் காட்சிக்கு மட்டும் உதவியது. 2005இல் இரண்டு மாத இடைவெளியில் ‘சந்திரமுகி’, ‘அந்நியன்’ படங்கள் வந்தன. அதன் பிறகு கொஞ்ச காலம் எனக்கு வந்த ஹீரோயின்களில் பாதிப் பேருக்கு உள்ளே இன்னொருத்தி குடியிருந்தாள்.

இத்தனைக்கும் குடும்ப நாவலுக்கும் மருத்துவத்துக்கும் தூரமில்லை. இந்த வகைக்குப் பெரும் வாசகர் கூட்டத்தைச் சேர்த்துக் கொடுத்தவர்களில் ஒருவரான லட்சுமி, திரிபுரசுந்தரி என்ற பெயரில் மருத்துவம் பார்த்தவர். ‘ஒரு காவிரியைப் போல’ நாவலுக்காக 1984இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றவர். குடி ஒரு வீட்டை என்ன செய்யும் என்று சிவசங்கரி ‘ஒரு மனிதனின் கதை’யில் எழுதியதைத் தொலைக்காட்சியில் ரகுவரன் நடித்துக் காட்டினார். ஆனால் காதல் கதை என்று வந்துவிட்டால், ரமணிசந்திரன் போட்ட தடத்தில்தான் எல்லோரும் நடந்தார்கள்: கண்ணியமான பணக்கார ஹீரோ, தன்மானமுள்ள பெண், நடுவில் ஒரு தவறான புரிதல், கடைசியில் சுபம். அந்தச் சுபம்தான் வாசகி கொடுக்கும் காசுக்கு உத்தரவாதம். மனநோயோ சட்டென்று சுபம் ஆகிற சமாசாரமல்ல. என் வேலை முழுக்க இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நடக்கிறது.

ஒரு பிரதியைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டும். கொங்குப் பக்கத்து எழுத்தாளர். ஹீரோயினுக்குப் பைபோலார். படித்துவிட்டு எழுதியிருக்கிறார் என்பது முதல் அத்தியாயத்திலேயே தெரிந்தது. தூக்கமில்லாமல் உற்சாகம் பொங்கும் நாட்கள், கிரெடிட் கார்டில் வாங்கிக் குவித்த புடவைகள், பிறகு தலை வாரக்கூட எழ முடியாத வாரங்கள். எல்லாம் சரி. ஹீரோவிடம்தான் எனக்கு இடித்தது. அவன் வேலைக்கு நீண்ட விடுப்புப் போடுகிறான். மாத்திரையை எண்ணிக் கொடுத்து, விழுங்கினாளா என்று வாயைத் திறக்கச் சொல்லிப் பார்க்கிறான். அவள் போனை வாங்கி வைத்துக்கொள்கிறான். ராத்திரி படுக்கையறை வாசலில் குறுக்கே படுக்கிறான். அவள் சிரித்தால் அளவுக்கு மீறிச் சிரிக்கிறாளோ என்று பயப்படுகிறான். இத்தனையும் உருகி உருகி எழுதப்பட்டிருந்தது. தொடராக வந்தபோது வாசகிகள் கொண்டாடிய பகுதியும் இதுதானாம்.

சந்தேகம் வந்தால் நான் கேட்கும் மனநல மருத்துவர் ஒருவர் இருக்கிறார். பிரதியின் நடுப்பகுதியை அவருக்கு அனுப்பினேன். படித்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி: “இந்தப் பையன் எப்போம்மா ஆபீஸ் போவான்?”

பிறகுதான் ஜார்ஜ் பிரவுன் என்ற சமூகவியலாளரைப் பற்றிச் சொன்னார். 1950களில் லண்டனில், ஸ்கிசோஃப்ரீனியாவுக்காக நெடுங்காலம் மருத்துவமனையில் இருந்து வெளியேறியவர்களைப் பிரவுனின் குழு பின்தொடர்ந்தது. பெற்றோரிடமோ மனைவியிடமோ திரும்பியவர்களைவிட, வாடகை அறைக்கோ உடன்பிறந்தவர் வீட்டுக்கோ போனவர்கள் நன்றாக இருந்தார்கள். ஏன் என்று தேடியபோது உறவினர்களின் பேச்சையே பதிவு செய்து அலச ஆரம்பித்தார்கள். மூன்று விஷயங்கள் நோய் திரும்புவதோடு சேர்ந்து வந்தன: குறை சொல்வது, வெறுப்பு, அளவுக்கு மீறிய ஈடுபாடு. 1976இல் வான், லெஃப் என்ற இருவரின் ஆய்வில் நேரக்கணக்கும் இருந்தது. அப்படிப்பட்ட உறவினரோடு வாரம் 35 மணி நேரத்துக்கு மேல் முகம் பார்த்து இருப்பவர்களுக்கு ஆபத்து இன்னும் கூடுதல். சண்டிகரில் நடந்து 1987இல் வெளிவந்த ஆய்வில், லண்டனைவிட அங்கே இத்தகைய குடும்பங்கள் குறைவாகவே இருந்தன. குடும்பம்தான் நோயை உண்டாக்குகிறது என்று இதற்குப் பொருள் இல்லை, நோய் திரும்புவதைப் பற்றிய கணக்கு மட்டும்தான் இது என்று டாக்டர் இரண்டு தடவை அழுத்திச் சொன்னார்.

மாமியாரின் குத்தல் பேச்சு அந்தப் பட்டியலில் இருக்கும் என்று யாரும் ஊகிக்கலாம். ஹீரோவின் காதலும் அதில் இருந்தது. கண் கொட்டாமல் பார்ப்பது, ஒரு கணம் பிரியாதது, அவளுக்காக எல்லாவற்றையும் விடுவது என்று இந்த வகை நாவல் காதலுக்கு அடையாளமாக வைத்திருக்கும் எல்லாமே மூன்றாவது வகைக்குள் வந்து விழுகின்றன.

எழுத்தாளரிடம் சொன்னேன். “அக்கா, இவளை விட்டுட்டு அவன் ஆபீஸ் போனா, வாசகிங்க அவனை வில்லன்னு சொல்லிடுவாங்க.” நியாயமான பயம்தான். போனதை எழுதினால் போதாது, போவதற்கு அவன் எவ்வளவு கஷ்டப்பட்டான் என்றும் எழுதுங்கள் என்றேன். பைபோலாருக்கு லித்தியம் சாப்பிடுகிறவர்கள் ரத்தத்தில் அதன் அளவை அவ்வப்போது பார்க்க வேண்டும். ராத்திரி மாத்திரை போட்டு ஏறக்குறைய 12 மணி நேரம் கழித்து, காலை மாத்திரைக்கு முன்னால் ரத்தம் எடுப்பார்கள். புதிய அத்தியாயத்தில் அவள் தனியாக டவுன் பஸ் ஏறி லேபுக்குப் போகிறாள். அவன் ஆபீஸில் போனைக் குப்புறக் கவிழ்த்து வைத்துவிட்டு, ஒரே எக்ஸெல் ஷீட்டை மூன்று தடவை தப்பாகக் கூட்டுகிறான். கூப்பிடவில்லை. அவளும் கூப்பிடவில்லை. சாயங்காலம் அவள் திரும்பி வரும்போது ஒரு முழம் ஜாதிமல்லி வாங்கி வருகிறாள், தனக்காக. காதல் காட்சி என்று எனக்கு வந்தவற்றில் இதற்குப் பக்கத்தில் வைக்க அதிகம் இல்லை.

மாத்திரை விஷயத்தில் எழுத்தாளர்களிடமிருந்துதான் நான் கற்றுக்கொள்கிறேன். கூட்டுக் குடும்பத்தில் புது மருமகள் மாத்திரை அட்டையை எங்கே ஒளிப்பாள் என்று ஒருவரிடம் கேட்டேன். யோசிக்கவே இல்லை, “நாப்கின் பாக்கெட்டுக்குள்ள. அதை மட்டும்தான் யாரும் திறந்து பார்க்க மாட்டாங்க” என்றார். எந்த மருத்துவப் புத்தகத்தில் இது கிடைக்கும்? அதே எழுத்தாளர் மாத்திரையால் ஹீரோயினுக்கு எடை கூடுவதை மட்டும் எழுத மறுத்துவிட்டார். சில மருந்துகளுக்கு எடை நன்றாகவே கூடும். எங்கள் ஹீரோயினுக்கு எந்த வியாதியும் வரலாம், இடுப்பு மட்டும் பெருக்கக் கூடாது. அந்தச் சண்டையில் நான் இன்னும் ஜெயிக்கவில்லை.

பிரசவத்துக்குப் பின்வரும் மனச்சோர்வுக் கதைகள் இப்போது நிறைய வருகின்றன. குழந்தை பிறந்த முதல் இரண்டு வாரம் காரணமில்லாமல் அழுவது பலருக்கும் வந்து தானே போகும். அதைத் தாண்டியும் நீண்டால் கவனிக்க வேண்டும். ஆயிரம் பிரசவத்தில் ஒன்றிரண்டு பேருக்கு வரும் தீவிரமான மனப்பிறழ்வு அவசர சிகிச்சைக்கு உரியது. இவ்வளவும் சரியாக எழுதுவார்கள். ஆனால் ஹீரோ ராத்திரி முழுக்கக் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அவள் முகம் வாடுவதைக் கண்டுபிடிப்பதாக வைப்பார்கள். அவன் எப்படி அங்கே வந்தான்? நம் வழக்கப்படி அவள் தாய்வீட்டில் இருக்கிறாள். மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ அழைத்துப் போகும் வரை அவன் ஞாயிற்றுக்கிழமை விருந்தாளி. பழமும் குழந்தைக்குச் சட்டையும் கொண்டு வருவான், மத்தியானம் சாப்பிடுவான், ஆறு மணி பஸ்ஸுக்குக் கிளம்புவான். நோயோ வாரத்தின் மற்ற ஆறு நாளும் அம்மாவுக்கும் மகளுக்கும் நடுவில், பூண்டுக் குழம்புக்கும் லேகியத்துக்கும் நடுவில் வளர்கிறது.

தென்மாவட்ட எழுத்தாளர் ஒருவர் இதைப் பிடித்துக்கொண்டார். அவர் எழுதிய அம்மா, மகளுக்கு என்னவோ ஆகிறது என்று பத்தாம் நாளே கண்டுகொள்கிறாள். திருஷ்டி கழிக்கிறாள், தாயத்துக் கட்டுகிறாள். டாக்டரிடம் மட்டும் போகவில்லை. அறியாமை காரணமல்ல. “சம்பந்தி வீட்டுக்குத் தெரிஞ்சா, உன்னைக் கூட்டிட்டுப் போவாங்களாடி?” இந்த ஒரு பயத்தில் நாற்பது நாள் கடக்கிறது. வில்லி என்று அவளைச் சொல்ல முடியாது. சென்னையில் 1984இல் மருத்துவர் சாரதா மேனன் தொடங்கிய ஸ்கார்ஃப் அமைப்பின் ஆய்வாளர்கள், ஸ்கிசோஃப்ரீனியாவால் பாதிக்கப்பட்டு மணவாழ்வு முறிந்த பெண்களையும் அவர்கள் குடும்பங்களையும் பற்றி 2003இல் எழுதினார்கள். நோயால் வந்த களங்கத்தைவிட, புருஷன் விட்டுவிட்டான் என்ற களங்கமே அவர்களைக் கூடுதலாக வதைத்தது என்பது அதில் தெரியவந்த ஒன்று. அந்தக் கட்டுரையை எங்கள் எழுத்தாளர் படித்திருக்க வாய்ப்பில்லை. அந்த அம்மாவை அவருக்குத் தெரிந்திருந்தது.

பாகாயத்தில் வேலூர் சி.எம்.சி.யின் மனநல மையம் இருக்கிறது. நோயாளியோடு வீட்டு ஆள் ஒருவர் தங்க வேண்டும் என்பது அங்கே ஏற்பாடு. அமிர்தசரஸில் வித்யா சாகர் என்ற மருத்துவர் 1950களிலேயே குடும்பங்களைக் கூடாரம் போட்டு உடன் தங்கவைத்துப் பார்த்த முறைக்கு இது உறவு. பாகாயத்தில் மாமியாரும் மருமகளும் ஒரே அறையில் வாரக்கணக்கில் தங்குவதாக ஒரு பிரதி வந்தது. ஹீரோ சனிக்கிழமை வருவான், வராண்டாவில் நிற்பான். ‘ஹீரோ எங்கே போனான்?’ என்று பதிப்பாளர் பக்க ஓரத்தில் எழுதி அனுப்பினார். மாமியார்தான் ஹீரோ என்று பதில் எழுதினேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. புத்தகம் ஆனது, அட்டையில் ஹீரோவின் படம்தான் பெரிதாக இருந்தது.

இனி ஆன்ட்டி ஹீரோ. இந்த விஷயத்தில் எனக்குப் பொறுமை இல்லை. கட்டாயத் தாலி கட்டுவான், அறைவான், வீட்டில் அடைப்பான். முப்பதாவது அத்தியாயத்தில் ஃபிளாஷ்பேக் வரும்: அம்மா விட்டுவிட்டுப் போனாள், அப்பா பெல்ட்டால் அடித்தார், ஆகவே அவன் இப்படி. முன்பெல்லாம் இதற்குக் கோபக்காரன் என்று பெயர். இப்போது சிறுவயது மனக்காயம் என்று பெயர் கிடைத்திருக்கிறது. ஹீரோயின் அவனை மன்னித்து, மடியில் படுக்கவைத்து, தலையைக் கோதுவாள். நோயின் பெயரை அடிக்கு வக்காலத்தாகக் கொண்டுவருவதுபோல் நோயாளிகளுக்குச் செய்யும் துரோகம் வேறில்லை. மனக்காயம் பட்டவர்களில் பெரும்பாலோர் யாரையும் அடிப்பதில்லை. அப்பாவின் அடி வாங்கியவன் என்றால் அவனே டாக்டரிடம் போகட்டும், அவனே ஃபீஸ் கட்டட்டும், அவனே வாரா வாரம் போய் உட்காரட்டும், அதுவரை அவள் தன் அக்கா வீட்டில் இருக்கட்டும் என்று திருத்தக் குறிப்பு எழுதுவேன். சிலர் செய்வார்கள். சிலர் பிரதியை வேறு பதிப்பகத்துக்குக் கொண்டுபோவார்கள். இந்த ரகம் நன்றாக விற்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

தற்கொலை முயற்சிக் காட்சிகளில் எப்படி என்ற விவரத்தை முழுக்க எடுத்துவிடுவேன். அதில் பேரம் கிடையாது. போலீஸ் வந்து கேஸ் போட்டு மிரட்டும் காட்சியையும் எடுப்பேன். 2017 சட்டத்தின் 115ஆம் பிரிவு, முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே முதலில் கொள்ளச் சொல்கிறது. விசாரித்துத் தண்டிக்கச் சொல்லவில்லை. 2022 அக்டோபரில் மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416 வந்த பிறகு, அதை இத்தகைய நாவல்களின் கடைசிப் பக்கத்தில் அச்சிடக் கேட்கிறேன். காதல் புத்தகத்தில் எதற்கு அபசகுனமாக என்றார் ஒரு பதிப்பாளர். விளம்பரப் பக்கத்தில் ஒரு ஓரம் கொடுத்தார்.

சுபம் போடும் இடத்துக்கு வருகிறேன். கடைசி அத்தியாயத்தில் ஹீரோயின் மருத்துவமனைப் படுக்கையில் கண் திறப்பாள். அடுத்த பக்கம் எபிலாக்: மூன்று வருடம் கழித்து. கொடைக்கானல், ஸ்வெட்டர், இரட்டைக் குழந்தைகள். நோய் எப்போது போனது, மாத்திரை எப்போது நின்றது, கர்ப்பத்துக்கு முன் டாக்டர் என்ன சொன்னார் என்று ஒன்றும் இருக்காது. இரண்டு பக்கத்துக்கு நடுவிலுள்ள வெள்ளைத் தாளில் எல்லாம் குணமாகிவிடும். மனச்சோர்வுக்கான மாத்திரைகள் வேலை காட்டவே சில வாரம் ஆகும். நன்றாகிவிட்டதே என்று உடனே நிறுத்தவும் கூடாது. மாதக்கணக்கில் தொடரச் சொல்வார்கள். பைபோலாருக்குக் கொடுக்கும் வால்ப்ரோயேட் கருவைப் பாதிக்கும் என்பதால், குழந்தை பெறும் வயதுப் பெண்களுக்கு அதைக் கூடியவரை தவிர்ப்பார்கள். அந்த ஒரு தகவலுக்குள்ளேயே மூன்று அத்தியாயம் இருக்கிறது: கணவனும் மனைவியும் டாக்டர் முன்னால் உட்கார்ந்து, குழந்தை வேண்டுமா, எந்த மருந்தை மாற்றலாம், எத்தனை மாதம் காத்திருக்கலாம் என்று பேசுவது. வாசகிக்குச் சுபத்தைக் கொடுக்காமல் ஏமாற்றச் சொல்லவில்லை. மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே சந்தோஷமாக இருப்பவர்களும் ஊரில் உண்டு. அவர்களும் சுபத்தில் சேர்த்தி என்கிறேன்.

இப்போது மேசையில் இருக்கும் பிரதியில் தகராறு வேறு. பெண் பார்க்க வருகிறார்கள். பெண்ணுக்கு ஏற்கெனவே சிகிச்சை நடக்கிறது. சொல்வதா, மறைப்பதா? முதல் வரைவில் மறைத்துக் கல்யாணம் செய்து, முதலிரவில் ஹீரோவிடம் சொல்லி, அவன் பெருந்தன்மையாக அணைத்துக்கொண்டான். மறைத்தது வெளியே வந்தால் மோசடியால் பெற்ற சம்மதம் என்று இந்துத் திருமணச் சட்டத்தின் 12ஆம் பிரிவின் கீழ் கல்யாணத்தையே ரத்து செய்யக் கேட்டு அவன் வீட்டார் வழக்குப் போட வைக்கலாம் என்றேன். அவன் நல்லவன் என்பதை நம்பித்தான் அவள் வாழ்க்கை நிற்க வேண்டுமா?

“சொன்னா கல்யாணமே நடக்காதுக்கா. அப்புறம் நாவல் ஏது?”

“நடக்காம போற ரெண்டு இடத்தை முதல்ல எழுதுங்க. மூணாவதா இவன் வரட்டும்.”

ஒரு வாரம் கழித்துத் திருத்திய அத்தியாயங்கள் வந்தன. முதல் வரன் காபியைக் குடிக்காமல் எழுந்து போகிறது. இரண்டாவது, நகையைக் கூட்டிக் கேட்கிறது. மூன்றாவது வீட்டில் பையனின் அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, யோசித்துச் சொல்கிறோம் என்று போகிறாள். பதினைந்து நாள் கழித்துப் போன் செய்கிறாள். “மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா? நாங்க ராத்திரி சாப்பிட லேட் ஆகும், அதான் கேட்டேன்.”

இப்படி ஒரு மாமியார் இருப்பாளா, கொஞ்சம் அதிகமாக இல்லையா என்று ஓரத்தில் கேள்விக்குறி போட்டு அனுப்பினேன். “எங்க அத்தை கேட்டது அதுதான்க்கா” என்று பதில் வந்தது. கேள்விக்குறியை அழித்துவிட்டேன். பதினைந்து நாளை மட்டும் ஒரு மாதமாக்கச் சொல்லியிருக்கிறேன். அந்த ஒரு மாதத்தில் அந்த வீட்டில் என்ன பேசிக்கொண்டார்கள் என்று அடுத்த அத்தியாயம் வர வேண்டும்.